கீழ்ப்பல் நான்கும் வெள்ளையாக இருப்பது ஏன்?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 2 வயது 10 மாதம். மேல் முன்பற்கள் நான்கும் ஈறோரம் பழுப்பாகிவிட்டன. நடுப்பல் ஒன்று போன மாதம் பாதி உடைந்து விழுந்துவிட்டது. அதற்குப் பின்னால் உள்ள பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு போல ஏதோ தெரிகிறது. கீழ் முன்பற்கள் மட்டும் நன்றாக இருக்கின்றன. சாக்லேட்டை அவனுக்குக் கண்ணில்கூடக் காட்டியதில்லை. வீட்டில் வெள்ளைச் சர்க்கரையும் கிடையாது; பனங்கற்கண்டு, வெல்லம்தான். காலையில் தானே பல் தேய்த்துக்கொள்வான். இரவில் பனங்கற்கண்டுப் பாலைப் புட்டியில் குடித்துக்கொண்டே தூங்குவான். இடையில் விழித்து அழுதாலும் அதையே கொடுப்போம். இது எங்கள் ஊர்த் தண்ணீர்க் கறை, எப்படியும் விழுந்து முளைக்கிற பல்தானே என்கிறார் கணவர். பல்லில் பூச்சி விழுந்திருக்கிறது, ஒன்றரை வயது வரை தாய்ப்பால் கொடுத்ததும் தப்பு என்கிறார் மாமியார். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்கிறார் என் அம்மா. கர்ப்பமாக இருந்தபோது இரும்புச்சத்து மாத்திரையை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அதனால் இப்படி ஆனதா? இரண்டு பற்களுக்கு வேர் சிகிச்சை வேண்டும், மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டியிருக்கும் என்று பல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். பால்பல்லுக்கு இதெல்லாம் உண்டா? நான் எங்கே தவறினேன் என்று சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் விடை இருக்கிறது: "கீழ் முன்பற்கள் மட்டும் நன்றாக இருக்கின்றன." இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குழந்தைகளின் பற்களையே பார்த்துவரும் எனக்கு, வாயைத் திறந்து பார்க்காமலே காரணத்தை ஓரளவு ஊகிக்க அந்த ஒரு வரி போதும்.

உங்கள் வீட்டில் சொல்லப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாக அந்தக் கீழ்ப்பற்களின் முன் நிறுத்திப் பாருங்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றால், கீழ்ப்பற்களுக்கு மட்டும் அந்தச் சத்து எங்கிருந்து கிடைத்தது? கீழ் நடுப்பற்களும் மேல் நடுப்பற்களும் ஒரே காலத்தில் உருவானவை. தாயின் வயிற்றில் நான்காவது மாத வாக்கில் அவற்றில் சுண்ணாம்பு படியத் தொடங்குகிறது. குழந்தை பிறந்த சில மாதங்களில் அந்த முன்பற்களின் மேற்பூச்சான எனாமல் முழுமையாகிவிடுகிறது. கர்ப்பத்தில் நேர்ந்த குறை என்றால் இரண்டு வரிசையிலும் அதன் தடம் இருக்க வேண்டும். ஆகவே இரும்புச்சத்து மாத்திரை பற்றிய குற்ற உணர்வை இன்றோடு இறக்கி வையுங்கள். அந்த மாத்திரை உங்கள் இரத்தத்துக்குத் தேவைப்பட்டது, அடுத்த முறை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். மகனின் பல் உடைந்ததற்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

அதேபோல, இப்போது சுண்ணாம்புச் சத்து மருந்து வாங்கிக் கொடுத்தாலும் அந்தப் பற்கள் தேறாது. முளைத்து வெளியே வந்துவிட்ட எனாமலில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. உள்ளே போகும் சத்து அதை எட்டாது. பல இனிப்பு மருந்துகளைப் போலவே அதுவும் பல்லில் ஒட்டிக்கொள்ளும் பாகுதான்.

அடுத்தது தண்ணீர்க் கறை. உங்கள் கணவர் அப்படி நினைத்ததில் நியாயம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளூரைடு என்ற உப்பு மிகுந்து, மூன்று தலைமுறையாகப் பல்லில் பழுப்புக் கறையோடு வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-ல் அது செயல்பாட்டுக்கு வந்தது. ஆனால் ஃப்ளூரைடு கறை பல் ஈறுக்குள் உருவாகும்போதே பதிந்துவிடுவது. அது வலப்பக்கம் இருந்தால் இடப்பக்கமும் அதே போல இருக்கும், கீழ்வரிசையை விட்டுவைக்காது. பெரும்பாலும் நிலைப்பற்களில்தான் பளிச்சென்று தெரியும், பால்பற்களில் குறைவு. உங்கள் மகனின் பற்கள் முளைத்தபோது வெள்ளையாகத்தான் இருந்திருக்கும், பிறகுதான் ஈறோரத்தில் பழுப்பேறி, மெத்தென்று ஆகி, உடைந்தது. அது கறை அல்ல, சொத்தை. கறை என்று நினைத்துக் காத்திருந்ததில் சில மாதங்கள் போய்விட்டன என்பதுதான் வருத்தம்.

பூச்சி? என் தொழிலில் நான் மிகவும் மதித்துப் பதில் சொல்லும் கேள்வி இது. ஏனென்றால் அதைக் கேட்பவர்கள் தங்கள் கண்ணால் பூச்சியைப் பார்த்ததாகச் சொல்வார்கள். கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டுப் புகை பிடித்துப் பூச்சி எடுப்பது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். ஒருமுறை ஒரு பாட்டி பேரனின் பல்லிலிருந்து எடுத்த "பூச்சிகளை"க் காகிதத்தில் மடித்து என்னிடம் கொண்டுவந்தார். அரிசி நொய்யைவிடச் சிறியவை, வெளிறி, வளைந்து இருந்தன. உருப்பெருக்கியின் கீழ் வைத்து அவரையே பார்க்கச் சொன்னேன். சூட்டில் வெடித்த விதைக்குள்ளிருந்து வந்த முளைக்கரு அது. கத்திரி இனத்து விதைகளுக்குள் கரு அப்படித்தான் சுருண்டிருக்கும். அந்தப் பாட்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப இத்தனை வருசம்?" என்று மட்டும் கேட்டார். உலகம் முழுவதும் இதே நம்பிக்கை இருந்திருக்கிறது. பிரான்ஸ் நாட்டுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728-ல் தம் நூலில், தேடிப் பார்த்தேன், புழுவைக் காணவில்லை என்று எழுதிய பிறகும் அது எளிதில் போய்விடவில்லை.

ஆனால் உங்கள் மாமியார் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு. பல்லைக் கெடுப்பது உயிருள்ள ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். பல்லின் மேல் வழுவழுப்பாகப் படியும் மாவு போன்ற படலத்தில் அவை குடியிருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயர். 1924-ல் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து அதைப் பிரித்தெடுத்து விவரித்தார். இந்தக் கிருமிகள் பல்லைத் தின்பதில்லை. நாம் சாப்பிடும் சர்க்கரையைத் தின்கின்றன. தின்று அமிலத்தைக் கழிக்கின்றன. அந்த அமிலம்தான் எனாமலில் இருக்கும் சுண்ணாம்பையும் பாஸ்பேட்டையும் கரைத்தெடுக்கிறது.

இது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பது எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1940-களில் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சர்க்கரை பட்ட பின் பல்லின் படலத்தில் அமிலத்தன்மை எப்படி மாறுகிறது என்று அளந்தார். சில நிமிடங்களுக்குள் பிஎச் அளவு (அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) சடாரென்று விழுகிறது. 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் வந்து அமிலத்தைக் கழுவி, மட்டுப்படுத்தி, கரைந்துபோன சுண்ணாம்பில் கொஞ்சத்தைத் திரும்பப் பல்லில் சேர்க்கிறது. பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகிவிடும். அதற்குள் ஒரு ரஸ்க் வாயில் போனால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதுதான் பல்லுக்குப் பெரிய கேள்வி. பண்டிகை நாளில் சாப்பாட்டோடு இரண்டு அதிரசம் தின்ற குழந்தையின் பல்லைவிட, ஒரே ஒரு பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு காலை முழுவதும் நக்கித் திரியும் குழந்தையின் பல்லுக்கு ஆபத்து அதிகம். இதை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட விதம் வேதனையானது. 1945 முதல் சில ஆண்டுகள், ஸ்வீடனில் லுண்ட் நகரின் வீபேஹோல்ம் மருத்துவமனையில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு வேண்டுமென்றே இனிப்புகளைக் கொடுத்துப் பற்கள் கெடுவதைப் பதிவு செய்தார்கள். சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரையைவிட, இடைவேளைகளில் கொடுத்த ஒட்டும் டாஃபிதான் பற்களை நாசமாக்கியது. அந்த மனிதர்கள் யாரும் அதற்குச் சம்மதம் தரக்கூடிய நிலையில் இல்லை. அவர்கள் பல்லைக் கொடுத்துக் கிடைத்த அறிவு இது. அதனால்தான் இதை அலட்சியமாக என்னால் சொல்ல முடிவதில்லை.

இனி கீழ்ப்பற்களுக்கு வருவோம்.

குழந்தை புட்டியை உறிஞ்சும்போது நாக்கு முன்னால் நீண்டு, கீழ் முன்பற்களின் மேல் மெத்தை போலப் படுத்துக்கொள்ளும். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் சிலவற்றின் வாய்க்கால்களும் நாக்குக்கு அடியில், கீழ்ப்பற்களுக்குப் பின்னாலேயே திறக்கின்றன. ஆக, கீழ்ப்பற்களுக்கு நாக்கு ஒரு குடை, உமிழ்நீர் ஓர் ஊற்று. மேல் முன்பற்களுக்கு இரண்டும் இல்லை. புட்டியின் காம்பு மேலண்ணத்தில் அழுந்த, பால் நேராக மேற்பற்களைச் சுற்றித் தேங்குகிறது. இதில் தூக்கம் சேர்ந்துகொள்கிறது. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடும், விழுங்குவதும் குறைந்துவிடும். பகலில் ஒரு மணி நேரத்தில் கழுவப்படும் இனிப்பு, இரவில் மணிக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. நடு இரவில் அழுது இன்னொரு புட்டி குடித்தால் விடியும்வரை அமிலக் குளியல்தான்.

இன்று இரவு அவன் தூங்கிய பிறகு மேல் உதட்டை மெல்லத் தூக்கி, கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பால் ஒரு வெள்ளை ஓரமாக நின்றுகொண்டிருக்கும். கணவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். நான் இத்தனை பத்திகளில் எழுதியதை அவர் அந்த ஒரு நொடியில் புரிந்துகொள்வார்.

"பனங்கற்கண்டு உடம்புக்கு நல்லதுதானே" என்பீர்கள். தொண்டைக்கு இதம் என்று நாம் நம்பி வளர்ந்த பொருள், எனக்கும் அதன் மணம் பிடிக்கும். ஆனால் பனங்கற்கண்டு, கருப்பட்டி, வெல்லம், தேன், வெள்ளைச் சர்க்கரை எல்லாமே பல் கிருமிக்கு ஒன்றுதான். அவற்றின் பெரும்பகுதி அது விரும்பித் தின்னும் சர்க்கரை. நிறத்தையும் பெயரையும் அது பார்ப்பதில்லை. வெள்ளைச் சர்க்கரையை ஒதுக்கிவிட்டோம் என்ற நிம்மதியில் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை வெல்லமும் கற்கண்டும் உள்ளே போகும் வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன். படித்த குடும்பங்களில்தான் இது அதிகம். சத்துமாவுக் கஞ்சியில் வெல்லம், மாலைப் பாலில் கற்கண்டு, ரப்பர் சூப்பியில் தொட்டுக்கொடுக்கும் தேன், இரவில் பல் துலக்கிய பின் கொடுக்கும் இனிப்பான இருமல் மருந்து என எதுவும் "சாக்லேட்" கணக்கில் வராது. எல்லாமே பல்லின் கணக்கில் வரும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் தொட்டுவைப்பதே கூடாது. பல்லைவிடப் பெரிய ஆபத்து அதில் இருக்கிறது.

ரஸ்க்கும் பிஸ்கட்டும் இனிப்பு குறைவு என்று நினைக்க வேண்டாம். வேகவைத்து அரைத்த மாவு, எச்சில் பட்டதும் சர்க்கரையாக உடையத் தொடங்கிவிடும், அதுவும் கடைவாய்ப்பல்லின் குழியில் பசை போல ஒட்டிக்கொண்டு. பெர்லினில் பணியாற்றிய மில்லர் என்ற அமெரிக்கர், பிடுங்கிய பற்களை ரொட்டியும் உமிழ்நீரும் கலந்த கலவையில் ஊறவைத்துச் சொத்தையைப் போன்ற அரிப்பை உண்டாக்கிக் காட்டினார். அவர் நூல் வந்தது 1890-ல். நூற்றிமுப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அழும் பிள்ளைக்கு முதலில் நம் கை போவது பிஸ்கட் பொட்டலத்துக்குத்தான்.

தாய்ப்பாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நீங்கள் ஒன்றரை வயது வரை கொடுத்தது நல்ல காரியம். ஒரு வயதைத் தாண்டி, பற்கள் முளைத்த பிறகு, இரவு முழுவதும் மார்பில் வாய் வைத்தபடியே தூங்கும் குழந்தைகளுக்கு, அதுவும் பல் துலக்காமலும் பகலில் இனிப்பு மிகுந்தும் இருந்தால், சொத்தை வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. அதற்குப் பரிகாரம் துலக்குவதும் இரவுக் கணக்கைக் குறைப்பதும்தான், தாய்ப்பாலை நிறுத்துவதல்ல. உங்கள் மகனின் விஷயத்தில் நான் புட்டியையும் அதிலிருந்த கற்கண்டையும்தான் சந்தேகிக்கிறேன்.

இன்னொன்று: அவனுடைய வாயில் இந்தக் கிருமிகள் எங்கிருந்து வந்தன? பிறக்கும்போது பல்லே இல்லாத வாயில் அவை குடியேறுவது பெரும்பாலும் வளர்ப்பவர்களின் எச்சில் வழியாகத்தான். சோற்றை மென்று ஊட்டுவது, கரண்டியை நாம் சப்பிச் சூடு பார்த்துவிட்டு அதையே குழந்தைக்குக் கொடுப்பது, கீழே விழுந்த சூப்பியை நம் வாயில் வைத்துச் சுத்தம் செய்வது எல்லாம் வழிகள். இதற்காக முத்தம் கொடுக்கப் பயப்படாதீர்கள். உங்களுக்கோ பாட்டிக்கோ கவனிக்காமல் விட்ட சொத்தைப் பல் இருந்தால் அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். தாயின் வாய் சுத்தமானால் பிள்ளைக்குப் போகும் கிருமியின் அளவு குறையும்.

நீங்கள் கேட்ட "என் தவறு எங்கே" என்ற கேள்விக்கு வருகிறேன். பல் முளைத்த அன்று யாரும் உங்களிடம் இரவுப் பாலைப் பற்றிச் சொல்லவில்லை. தடுப்பூசிக்கு நான்கைந்து முறை போயிருப்பீர்கள். உதட்டைத் தூக்கிப் பார்க்கும்படி ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். அது எங்கள் பக்கத்துக் குறை. அழுகிற பிள்ளையைப் பசியாற்றித் தூங்கவைத்த தாயை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

இனிச் செய்ய வேண்டியது. மிகக் கடினமானதை முதலில் சொல்கிறேன்: இரவுப் புட்டி போக வேண்டும். மூன்று வயதை நெருங்கும் குழந்தைக்கு நடு இரவில் பால் தேவையில்லை. பசும்பால் மிகுதியாகப் போவதால்தான் பல குழந்தைகள் பகலில் சோறு வேண்டாம் என்கின்றன, இரத்தச் சோகையும் சேர்ந்துகொள்கிறது. ஒரே நாளில் பிடுங்கினால் வீடு தாங்காது. இன்றைக்கே கற்கண்டை நிறுத்திவிடுங்கள். அவன் முகம் சுளித்தால் இரண்டு நாள் பாதி போடுங்கள், மூன்றாம் நாள் வேண்டாம். பிறகு ஒவ்வொரு இரவும் பாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போங்கள். பத்து நாளில் புட்டியில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். அதற்காக எழுந்து அழும் ஆர்வம் தானாகக் குறையும். அந்தத் தண்ணீரையும் பிறகு டம்ளருக்கு மாற்றிவிடுங்கள். படுக்கும் முன் பால் வேண்டுமென்றால் இரவுச் சாப்பாட்டோடு டம்ளரில், இனிப்பில்லாமல். இரண்டு மூன்று இரவுகள் நன்றாக அழுவான். அந்த நாட்களில் அவனைத் தூங்கவைப்பது உங்கள் கணவராக இருந்தால் நல்லது. உங்கள் மடியில் பால் நினைவு வரும், அப்பாவின் தோளில் வராது.

பகலில் வாய்க்கு ஓய்வு கொடுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு சிறுதீனி, நடுவில் தண்ணீர் மட்டும். சிறுதீனிக்குச் சுண்டல், வேகவைத்த முட்டை, தோசை, வெள்ளரித் துண்டு, கொய்யா. இனிப்பு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

பல் துலக்குவதை அவன் கையில் விடாதீர்கள். ஏழெட்டு வயது வரை பெரியவர்தான் துலக்கிவிட வேண்டும். காலையில் அவன் தானே தேய்க்கட்டும், அது பழக்கத்துக்கு. இரவு நீங்கள் தேய்ப்பதுதான் பல்லுக்கு. பற்பசையில் ஃப்ளூரைடு இருக்க வேண்டும், 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவில். இந்தியாவில் பற்பசையில் அதற்கு மேல் சேர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பழப்படம் போட்டுக் குழந்தைகளுக்கென்று விற்கும் பற்பசைகளில் பலவற்றில் ஃப்ளூரைடே இருப்பதில்லை, பெட்டியின் பின்புறத்தைப் படித்து வாங்குங்கள்.

"எங்கள் ஊரில் ஏற்கெனவே ஃப்ளூரைடு அதிகம், பற்பசையிலும் வேண்டுமா" என்று உங்கள் கணவர் கட்டாயம் கேட்பார். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு பசை போதும். அதன் பிறகு பட்டாணி அளவு. அரிசி அளவுப் பசையில் இருக்கும் ஃப்ளூரைடு ஏறத்தாழ 0.1 மில்லிகிராம். முழுவதையும் விழுங்கினாலும் அவ்வளவுதான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு. அதைத் தாண்டிய கிணற்று நீரை ஒரு குழந்தை ஒரு நாள் குடிப்பதில் போவது இதைப்போல் பல மடங்கு. ஆகவே பயப்பட வேண்டியது தண்ணீரைப் பற்றி. அவனுக்குப் பின்னால் முளைக்கப்போகும் நிலையான முன்பற்களின் எனாமல் இந்த வயதில்தான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தால், அதைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். அளவு கூடுதல் என்றால், குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் நீரை மட்டும் பயன்படுத்துங்கள். கொதிக்கவைத்தால் ஃப்ளூரைடு போகாது. பற்பசை பல்லின் மேல் வெளியிலிருந்து வேலை செய்கிறது. அதன் பலன் வேறு, தண்ணீரில் மிகுந்த ஃப்ளூரைடின் தீங்கு வேறு.

இப்போது பல் மருத்துவர் சொன்னதற்கு வருகிறேன். பால்பல்லுக்கு வேர் சிகிச்சை உண்டு, ஏமாற்று அல்ல. பல்லின் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள சதை வரை சொத்தை போய்விட்டால் அதைச் சுத்தம் செய்து, தானே கரையக்கூடிய மருந்துப் பசையை நிரப்புவோம், பின்னால் நிலைப்பல் வரும்போது வேரோடு அதுவும் கரைந்துபோகட்டும் என்று. பார்க்காமல் எந்தப் பல்லுக்கு எது என்று நான் சொல்வது முறையல்ல. ஆனால் அவரிடம் தயங்காமல் கேளுங்கள்: எக்ஸ்ரேயில் சொத்தை சதை வரை போயிருப்பது தெரிகிறதா, எனக்குக் காட்டுங்கள்; மயக்க மருந்தை யார் கொடுப்பார்கள், எந்த மருத்துவமனையில்; அதைத் தள்ளிப்போட வேறு வழி உண்டா. பல பற்கள் கெட்டுப்போன, நாற்காலியில் உட்கார முடியாத சிறு குழந்தைக்கு மயக்க மருந்து சில நேரம் உண்மையிலேயே தேவைப்படும். தகுதி பெற்ற மயக்கவியல் மருத்துவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

சொத்தை இன்னும் சதையை எட்டாத பற்களுக்கு வெள்ளி டையமின் ஃப்ளூரைடு என்ற ஒரு திரவ மருந்து இருக்கிறது. துளைக்க வேண்டாம், ஊசி வேண்டாம். ஒரு சிறு தூரிகையால் ஒரு நிமிடம் தடவினால் சொத்தை பரவுவதை நிறுத்தக்கூடியது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவுவோம். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் இதை இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஒரே குறை, சொத்தை இருக்கும் இடம் கறுத்துவிடும். முன்பல் கறுப்பாகத் தெரிவது உங்களுக்குச் சம்மதமா என்று குடும்பமாக முடிவு செய்ய வேண்டும். அலறலும் மயக்க மருந்தும் இல்லாமல் இரண்டு வருடம் கிடைக்கிறது என்றால், என் பிள்ளையாக இருந்தால் நான் கறுப்பைத் தேர்ந்தெடுப்பேன்.

பின்பற்களில் ஈறோரம் தெரிகிறது என்று எழுதிய அந்த வெள்ளைக் கோடு, சுண்ணாம்பு தீட்டியது போல மங்கலாக இருக்கிறதா? அதுதான் சொத்தையின் முதல் அடி. எனாமல் கரையத் தொடங்கிவிட்டது, ஆனால் குழி விழவில்லை. இந்த நிலையில் மட்டும் பல் பழையபடி தேறும். பல் மருத்துவரிடம் ஃப்ளூரைடு வார்னிஷ் என்ற பூச்சு மருந்தைப் பூசி, இரவுப் புட்டியை நிறுத்தி, ஒழுங்காகத் துலக்கினால் அந்தக் கோடு கெட்டிப்பட்டுப் பளபளப்பாகும். உடைந்த முன்பல்லை நினைத்து அழுவதைவிட இந்தக் கடைவாய்ப்பற்களைக் காப்பாற்ற ஓடுங்கள். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்துவிடும். கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும். சோறு மெல்வது அவற்றால்தான், அடுத்து வரும் பல்லுக்கு இடம்பிடித்து வைப்பதும் அவைதான். "விழுகிற பல்தானே" என்ற பேச்சு இங்கேதான் பொய்க்கிறது.

அவன் சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு மெல்லாமலே உட்கார்ந்திருக்கிறானா? ஒரு பக்கமாகவே மெல்கிறானா? மூன்று வயதில் "பல் வலிக்கிறது" என்று சொல்லத் தெரியாது. சாப்பிட அடம் என்று நாம் அடிக்கிறோம். அப்படி அடி வாங்கிய பிள்ளையின் வாயைத் திறந்து, உள்ளே சிவந்து கிடந்த பல்லைப் பார்த்த நாட்களில் எனக்கு இரவு உணவு இறங்கியதில்லை. ஈறில் முகப்பரு போல ஒரு சீழ்க்கொப்புளம் தோன்றினால் அந்த வாரமே காட்டுங்கள்; சீழ் நீடித்தால் அடியில் வளரும் நிலைப்பல்லில் வடு விழக்கூடும். கன்னம் வீங்கிக் கண் வரையோ தாடைக்குக் கீழேயோ பரவினால், காய்ச்சல் அடித்தால், எச்சில் விழுங்க முடியாவிட்டால் விடியும்வரை காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வலிக்குக் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் வைத்துக் குழந்தைகளுக்கு வைக்காதீர்கள், விழுங்கிவிட்டால் தீங்கு.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவில் முதலில் காட்டுங்கள். அங்கன்வாடிக்குப் போகிறான் என்றால், ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கே வரவேண்டும். 2013 முதல் நடக்கும் அந்தத் திட்டத்தில் பல் சொத்தையும் பார்க்க வேண்டிய குறைபாடுகளில் ஒன்று. அவர்கள் வரும்போது மகனின் வாயைக் காட்டி, மேல்சிகிச்சைக்கு எழுதித் தரும்படி கேளுங்கள்.

இரவில் துலக்கும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். இதற்கு இரண்டு பேர் வேண்டும். நீங்களும் உங்கள் மாமியாரும் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்காருங்கள். பையன் கால்களால் உங்கள் இடுப்பைக் கட்டியபடி உங்களைப் பார்த்து உட்காரட்டும். மெல்லப் பின்னால் சாய்த்து, அவன் தலையைப் பாட்டியின் மடியில் வையுங்கள். உங்கள் முகம் அவனுக்குத் தெரியும், கைகளை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம். அவன் வாய் முழுவதும் பாட்டிக்குத் தெரியும். மேல் உதட்டை விரலால் தூக்கி, ஈறோரத்தில் சிறு வட்டமாகத் தேய்க்கும் வேலையைப் பாட்டியிடமே கொடுங்கள். பேரனுக்குக் கற்கண்டுப் பால் கலக்கிக் கொடுத்த அதே கை அது. அதற்கு இனி வேறு வேலை வேண்டும். அரிசி அளவு பசை, இரண்டு நிமிடம், நுரையைத் துடைத்துவிடுங்கள், கொப்பளிக்க வேண்டாம். அதன் பிறகு காலை வரை தண்ணீரைத் தவிர எதுவும் அந்த வாய்க்குள் போகக்கூடாது. ஒரு மாதம் கழித்து அந்த வெள்ளைக் கோடு எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.